துளசியைக் கொன்ற ஆடி

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே வியாதி. மூட்டுவலியைச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் துளசி வளர்ப்பதைச் சொல்கிறேன். வளர்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. அது வாடினால் எனக்கு ஃபோன் போடுகிறீர்கள். இலை மஞ்சளாகிவிட்டது, நுனி கருகிவிட்டது, பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருக்கிறது, நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது என்று ஒரே புலம்பல். போட்டோ வேறு அனுப்புகிறீர்கள். நான் போட்டோவைப் பார்ப்பதே இல்லை. ஒரு கேள்விதான் கேட்பேன்: "உங்க வீட்டுல எத்தன பேரு அதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

மறுமுனையில் விரல்விட்டு எண்ணுவீர்கள். பிறகு, "காலையில நான்… அவரும் எப்பவாச்சும்… மருமக வெள்ளிக்கிழமையானா…" என்று இழுப்பீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள் அல்லவா? சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் நான் ஒரு துளசிச் செடியைக் கொன்றிருக்கிறேன். கை தவறி அல்ல, தெரியாமல் அல்ல. மூன்று வாரம் திட்டம் போட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். இன்றுவரை அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் எங்கள் வீடு. பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும். இறங்கினால் கொங்குத் தமிழ்தான். எழுபதுகளில் எங்களுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மேற்கே பாலக்காட்டில் மழை கொட்டித் தீர்க்கும், எங்கள் பக்கம் வெறும் காற்றுதான் வந்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனாலேயே எங்கள் ஆட்களுக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி தண்ணீர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். மாட்டோடு வந்தால் மாட்டுக்கும் ஒரு வாளி. சாமிக்குக் குடம் குடமாக.

அண்ணனுக்குப் பெண் நிச்சயமானதும் அப்பா புதுத் துளசி மாடம் கட்டத் தொடங்கினார். அதுவரை துளசி, மாட்டுத் தொட்டி ஓரத்தில் வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கொத்தனார் வந்தார். இடுப்பு உயரத்துக்கு மாடம், நான்கு பக்கமும் விளக்கு வைக்கப் பிறை, மேலே சிவப்புக் காவிப் பூச்சு. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் தெரிகிற வரைக்கும் பளபளப்பாக்கினார்கள். கொத்தனார் மட்டும் இடையில் ஒரு தடவை, "அடியில் ஒரு ஓட்ட வேண்டே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓட்டையா? எதுக்கு? தீர்த்தம் ஒழுகி வாசல்ல ஓடி, போறவன் வர்றவன் கால்ல மிதிபடறதுக்கா? ஒரு சொட்டு வெளிய வரப்படாது, ஆமா."

கொத்தனார் தோளைக் குலுக்கிவிட்டு அடியை சிமெண்ட்டால் அடைத்தார். அப்பா அந்த மாடத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினார். ஒரு சொட்டு வெளியே வராது என்பார். அவர் சொன்னபடியே வரவில்லை.

முகூர்த்த வாரத்தில் தரையிலிருந்த துளசியைப் பெயர்த்து மாடத்தில் வைத்தார்கள். அதே வாரத்தில் நங்கை வந்தாள்.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அவளுடைய அப்பா இளவயதிலேயே மலையேறி, மூணாறுக்குப் பக்கத்துச் சூரியநெல்லியில் ஒரு தேயிலைத் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். வைகாசி வெயிலில் தகரப் பெட்டியைத் திறந்தாள், உள்ளே இரண்டு கம்பளி ஸ்வெட்டர்! அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இதப் போட்டா இங்க வெந்துல்ல போவே, கண்ணு" என்றாள்.

அவள் பேச்சு எனக்குப் பெரிய வேடிக்கை. எஸ்டேட்டில் தெற்கத்திக்காரர்களோடு வளர்ந்ததால் வந்தாக, போனாக என்பாள். நான் சிரிப்பேன். அவள் விடுவாளா? "நீங்க மட்டும் என்னவாம்? எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுதீக. மாட்டுக்கும் போடுவீகளோ?" என்றாள் ஒருநாள். மறுநாள் அப்பா ஏர் பூட்டும்போது கவனித்தேன். "நடங்க சாமி, நடங்க" என்றுதான் சொன்னார். எங்கள் மானம் போய்விட்டது.

நங்கைக்குச் செடியைக் கண்டால் விரல் சும்மா இருக்காது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் திருநீற்றுப்பச்சிலை ஒன்று ஆள் உயரத்துக்கு ஒல்லிக் குச்சியாக வளர்ந்து, உச்சியில் பூங்கதிரோடு நின்றது. வந்த மூன்றாம் நாளே அவள் கதிரையெல்லாம் கிள்ளி எறிந்தாள். பூவைக் கிள்ளலாமா என்று நான் அலறினேன்.

"பூத்தாச்சுன்னா செடி, சரி நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிடும் தாயி. கிள்ளிவிட்டா, அடடா இன்னும் வேலை கெடக்கேன்னு தழைக்கும். கொழுந்து கிள்ளுத வீட்டுப் பிள்ளை நான். எங்கிட்டயா?"

பத்துப் பன்னிரண்டு நாளில் அது புதராகிவிட்டது. உரசிக்கொண்டு போனால் பாவாடை பொழுது சாயும்வரை மணக்கும். அதில் வெள்ளையாய் மாவுப்பூச்சி அப்பியபோது அவள் பூச்சியைப் பார்க்கவில்லை, எறும்பு எந்த வழியாக ஏறுகிறது என்று பார்த்தாள். எறும்புப் புற்றில் சாம்பலைக் கொட்டினாள். பூந்திக்காயை ஊறவைத்து நுரை அடித்து, பழந்துணியில் தொட்டு இலை இலையாகத் துடைத்தோம். நான் பேச, அவள் கேட்க, இலையடியில் இருந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. அந்தச் செடியின் போன வருஷத்து விதையை, இப்போது சப்ஜா என்கிறோமே அதை, வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது கொழகொழவென்று ஊதியதும் இரண்டு பேரும் டம்ளர் டம்ளராகக் குடித்தோம். நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் ஊறுகிறது.

மாடத்துத் துளசியை மட்டும் அவள் தொடமாட்டாள். அது பெரியம்மாவுடையது.

பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு, வாசல் ஒன்றுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர் வாக்குதான் சட்டம். தினமும் காலையில் குளித்துவிட்டுத் தன் கிணற்றிலிருந்து இரண்டு பித்தளைக் குடம் தண்ணீர் சுமந்து வந்து துளசிக்கு ஊற்றுவார். ஒரு குடமல்ல, இரண்டு. பிறகு அம்மா ஒரு சொம்பு. அப்பா சந்தியாவந்தனம் பண்ணுகிறவரெல்லாம் இல்லை; ஆனால் காட்டு வேலைக்குப் போகும்போது புது மாடத்தைப் பார்க்கிற சாக்கில் ஒரு சொம்பு. அண்ணன் ஒன்று. நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று.

ஆனி பிறந்தபோது துளசியின் கீழ் இலைகள் மஞ்சளாயின. நாங்கள் தண்ணீரைக் கூட்டினோம். இலை கொட்டியது. இன்னும் கூட்டினோம். தண்டு அடியில் கறுத்தது.

ஆனிக் கடைசியில் ஒரு மத்தியானம் வாசலில் எல்லோரும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா மாடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசமா வெறும் தரையில கெடந்து தழைஞ்ச செடி. ரெண்டு மாசத்துல இப்புடி ஆவுதுன்னா என்னன்னு சொல்றது? வந்த ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல."

மாடமும் இரண்டு மாதம் முன்னால் வந்ததுதான். அது யாருக்கும் தோன்றவில்லை. நங்கை தலையைத் தூக்காமல் கடலை உரித்தாள். அவள் முறத்தில் கடலைத் தோலெல்லாம் கடலையோடு விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் என்னைக் கூட்டிக்கொண்டு மாடத்துக்குப் போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுட்டுவிரலை மண்ணுக்குள் அழுத்தி எடுத்து என் மூக்கில் நீட்டினாள். சாக்கடை நாற்றம்!

"வேரு மூச்சு முட்டிக் கெடக்கு. தண்ணி இறங்க வழியில்ல. எங்க அப்பா நாத்துப் பையில எத்தன ஓட்டை போடுவாக தெரியுமா?"

"அப்ப அம்மாகிட்டச் சொல்லுங்க நங்கை."

"நானா? வந்து ரெண்டு மாசத்துல, மாமா கட்டுன மாடம் சரியில்ல, பெரியத்த துளசிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நான் சொல்லவா?" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

செவ்வாய் வெள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, இன்னும் பச்சை மிச்சமிருந்த ஒரே கிளையிலிருந்து ஆறு துண்டு வெட்டினாள். வெட்டும் முன் செடியிடம் மன்னிப்புக் கேட்டாள். பால் பவுடர் டப்பா ஒன்றில் ஆணியால் அடியெல்லாம் துளை போட்டு, ஆற்று மணலும் மண்ணும் கலந்து நட்டாள். உர மூட்டைக்குள் இருக்கும் பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடினாள். எங்கள் கிணற்றுக்குப் பின்னால், நிழலில், யார் கண்ணிலும் படாத இடம். "மண்ணு காஞ்சா ரெண்டு கை தெளி. அதுக்கு மேல வேண்டாம். பாசம் பொங்குனாலும் அடக்கிக்கோ" என்றாள்.

ஆடி வந்தது. புதுப்பெண் தாய்வீடு போகிற மாதம். அவளுடைய அப்பா தேயிலைத்தூள் பொட்டலங்களோடு வந்து அழைத்தார். அவர் முன்னாலேயே பெரியம்மா சொல்லிவிட்டார்: "கூட்டிட்டுப் போங்க. இந்த ஆடி முடியற வரைக்கும் துளசிய யாரும் தொடப்படாது, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தப்படாது. நானே கிட்ட வரமாட்டேன். அவ இல்லாதப்ப அது தழைஞ்சுதுன்னா அவ ராசிதான்னு ஆச்சு, அப்பறம் ஆவணியில கூப்படறதா வேண்டாமான்னு பேசிக்கலாம்."

அம்மா தேயிலைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் மாட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். நங்கை பஸ்ஸில் ஏறும்போது என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

யாரும் தொடவில்லை. ஒரு வாரம் மாடத்தின் மேல் காற்றும் வெயிலும் மட்டும் பட்டன. எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், கறுத்த தண்டின் கணுவில் கடுகளவு பச்சை! துளிர்!

ஐயோ என்று இருந்தது. உங்களில் யாராவது துளசி துளிர்த்ததைப் பார்த்து அழுதிருக்கிறீர்களா? நான் அழுதேன். பட்டினி போட்டதில் அது பிழைக்கிறது. அது பிழைத்தால் நங்கை வரமாட்டாள். ஒன்பது வயசு மூளைக்கு இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. நேராக அடுக்களைக்குப் போனேன், சொம்பை எடுத்தேன், ஊற்றினேன். ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்க சாமி. உங்க கொழந்தைக ஆறு பேரும் கெணத்துக்குப் பின்னால நல்லா இருக்கறாங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, கூடவே பிள்ளைகளைப் பற்றிய தகவல். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. என் ஒரு சொம்புக்கு மண் அவ்வளவு ஈரமாகக் கூடாது. நான் போகும்போதே மேலே தண்ணீர் தளும்பி நின்றது. பெருமாளே நங்கைக்கு உதவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பாவும் பெரியம்மாவும் காட்டில். நான் சொம்போடு மாடத்துக்குப் போகிறேன், எதிரே மாட்டுத் தொட்டியிலிருந்து வாளி நிறையத் தண்ணீரோடு அண்ணன் வருகிறான். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"நீ எதுக்கு அம்முணி சொம்பெடுத்துட்டு வந்தே?"

"நீங்க எதுக்குங்கண்ணா வாளி எடுத்துட்டு வந்தீங்க?"

அவன் காது சிவந்தது. நங்கை அவனிடமும் வேர் மூச்சு முட்டுகிற கதையைச் சொல்லியிருக்கிறாள். அவனும் துளிரைப் பார்த்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் வாளியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மா குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க, போதும். காத்தாலயே நான் ரெண்டு கொடம் ஊத்திப்போட்டேன்."

அண்ணன் வாயிலிருந்து கையை எடுத்தான். "அம்மா, உங்களுக்கும் தெரியுமா?"

"மஞ்சக் காட்டுல தண்ணி நின்னா கெழங்கு அழுகிப் போகும்னு தெரிஞ்சவளுக்கு இது தெரியாதாக்கும்?"

"அப்பறம் ஏம்மா மொதல்லயே சொல்லுல?" என்று கேட்டேன்.

"யார்கிட்டச் சொல்றது? மாடம் சரியில்லீன்னு உங்கொப்பன்கிட்டயா? தண்ணி ஊத்தாதீங்கன்னு உங்க பெரீம்மாகிட்டயா?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல புள்ளைய அனுப்பிப்போட்டுக் குந்தியிருக்கறோம். செடி போனா இன்னொண்ணு வெச்சுக்கலாம். போ, நீ கொண்டாந்ததயும் ஊத்திரு, வீணாக்காதே."

அந்த வீட்டில் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மூன்று பேர், ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஒரு செடியைக் கொன்றுகொண்டிருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செடியும் பிழைத்திருக்கும், அவளும் அழுதிருக்க மாட்டாள். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு என்னவோ எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. எனக்கு அம்மாவை அவ்வளவு பிடித்த நாள் வேறு இல்லை.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது துளசி மொத்தமாகப் போய்விட்டது. வெறும் கறுப்புக் குச்சி. பெரியம்மா வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவ இல்லாமயே போயிருச்சே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அப்பா குச்சியைப் பிடுங்கப் போனார். கை மணிக்கட்டு வரை சேற்றுக்குள் போயிற்று. "ஏனுங்க, ஒரு மாசமா யாரும் ஒரு சொட்டு ஊத்தலையே! இதென்ன சேறு?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தோம். அம்மா வானத்தை. அண்ணன் மாட்டை. நான் என் கால் கட்டைவிரலை.

அப்பா கொஞ்ச நேரம் மாடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கடப்பாரையை எடுத்து வந்து, முகம் பார்க்கிற அந்தச் சிவப்புப் பூச்சில் அடிப்பக்கமாக ஓங்கி ஒரு குத்து. மாடத்தின் வயிற்றிலிருந்து கறுப்பாய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! வாசலெல்லாம் ஓடியது. பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்தார். "இதுக்குள்ளயா அந்த வேரு நின்னுது?" என்றார்.

"அந்தக் கொத்தனான் அன்னிக்கே கேட்டான்" என்றார் அப்பா. எங்கள் அப்பா தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

பெரியம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ எப்பப் போறே?" அண்ணன் ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஆவணி முதல் தேதி உச்சிவேளை. மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அம்மா சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வருவதற்குள் நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடிவிட்டாள். பாலித்தீனைத் தூக்கினோம். உள்ளே வெதுவெதுவென்று ஈரம், துளசி வாசம். ஆறில் நான்கு வேர் பிடித்து, ஒவ்வொன்றிலும் புது இலை. நான் என் பாசத்தை அடக்கிக்கொண்டதற்கு அவள் என் தலையில் நச்சென்று ஒரு குட்டு வைத்து, அப்புறம் அதே இடத்தில் முத்தம் கொடுத்தாள்.

மாடத்தில் புது மண். அடியில் அப்பா போட்ட ஓட்டை, அதன் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு. நங்கை நடுவில் ஒரு நாற்றை வைத்து மண்ணை அணைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றோம். பெரியம்மா தன் வீட்டுக்குள் போனார். நிறைந்த இரண்டு பித்தளைக் குடங்களோடு வந்தார்.

பல வருஷம் கழித்து அம்மா எனக்கு ஒன்று சொன்னாள். பெரியம்மா கல்யாணமாகி வந்த வருஷம் அந்த வீட்டுக் கிணறு வற்றிப்போயிற்றாம். வந்த ராசி என்று அவர் தலையில் போட்டார்களாம். மறு வருஷம் ஊறிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு ஊறியபடியே இருந்ததாம். அன்றிலிருந்துதான் தினமும் இரண்டு குடம். தன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று துளசிக்கு, சாமிக்கு, எல்லோருக்கும் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. குடத்தைப் பார்த்ததும், போச்சு, மறுபடியும் ஆரம்பம் என்று நினைத்தேன். பெரியம்மா சாய்த்தார். ஒரு கை அளவு தண்ணீர் மண்ணில் விழுந்தது. பிறகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அந்த மனுஷி குடத்தை நிமிர்த்திக்கொண்டு நங்கையைப் பார்த்தார்.

"போதுமா கண்ணு? இல்ல, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"போதும் பெரியத்த" என்றாள் நங்கை.

பெரியம்மா இரண்டு குடத்தையும் பார்த்தார். அவ்வளவு தண்ணீரையும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

நங்கை மண் ஒட்டியிருந்த கையைப் புடவையில் துடைத்தாள். அவர் முன்னால் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஊத்துங்க பெரியத்த. மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கேன். தாகம் உயிர் போகுது."

பெரியம்மா குடத்தைச் சாய்த்தார். நங்கை குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து புடவையெல்லாம் நனைந்தது. அவள் போதும் என்று சொல்லவே இல்லை.